வாசகர் கேள்விகள்: பாக்கெட்டின் பின்பக்கத்து எண்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: உணவில் சேர்க்கப்படும் நிறம், பிரிசர்வேட்டிவ், இனிப்பூட்டி, சுவையூட்டி. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பகுப்பாய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் ஆசிரியர் எல்லாவற்றையும் என்னிடமே அனுப்பிவிட்டார். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: புற்றுநோய் தரும் சேர்க்கைப் பொருட்கள் என்று ஒரு பட்டியல் கைபேசிக்கு வந்தது. அதில் 330 என்ற எண்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று போட்டிருக்கிறது. எடுத்துப் பார்த்தால் வீட்டில் பாதிப் பாக்கெட்டுகளில் 330 இருக்கிறது. எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடவா?

பதில்: வேண்டாம். 330 என்பது சிட்ரிக் அமிலம். எலுமிச்சையின் புளிப்பு அதுதான். உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும்போது உங்கள் உடலே இதை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பட்டியலுக்கு வயதாகிவிட்டது. 1976-ல் பிரான்ஸில் ஒரு துண்டுப் பிரசுரமாகக் கிளம்பியது. வில்ஜூயிஃப் என்ற ஊரில் இருக்கும் புற்றுநோய் மருத்துவமனை வெளியிட்டது போல் அதில் போட்டிருந்தார்கள். எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அந்த மருத்துவமனை மறுத்தது. ஆனாலும் ஆசிரியர்களும் மருத்துவர்களும்கூட நகலெடுத்து ஆளாளுக்குக் கொடுத்தார்கள். அதிலும் 330-தான் மிகக் கொடியது. இன்று உங்கள் கைபேசிக்கு வந்திருப்பது அதன் வாரிசு.

எண் இருப்பதாலேயே ஒரு பொருள் கெட்டதாகிவிடாது. அது அடையாள எண், அவ்வளவுதான். 100-ல் தொடங்குபவை நிறங்கள், 200-ல் கெடாமல் காப்பவை, 300-ல் பெரும்பாலும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவையும் புளிப்பைச் சரிசெய்பவையும், 400-ல் கெட்டியாக்குபவையும் எமல்சிஃபையர்களும் (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்து வைப்பவை), 600-ல் சுவையூட்டிகள், 900-ல் இனிப்பூட்டிகளும் பளபளப்பு தருபவையும். வைட்டமின் சி-க்கு 300. பீட்ரூட் நிறத்துக்கு 162. ஆக்சிஜனுக்குக்கூட 948 என்று ஓர் எண் உண்டு.

எனக்கு இந்தப் பட்டியல்கள் மேல் கோபம் வருவதற்குக் காரணம் வேறு. யாருக்கு எது ஆகாது என்று அவை சொல்வதே இல்லை. ஆஸ்துமா உள்ளவர் பார்க்க வேண்டிய எண் ஒன்று, சிறுநீரக நோயாளி பார்க்க வேண்டியது வேறு. எலுமிச்சைப் புளிப்புக்குப் பயந்து பாக்கெட்டைக் கீழே வைத்தவர், தனக்கு நிஜமாகவே ஆகாததை வீட்டுக்குக் கொண்டுபோய்விடக்கூடும்.

கேள்வி: 'அனுமதிக்கப்பட்ட அளவு' என்கிறார்களே, அந்த அளவை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? கம்பெனிகள் சொல்வதுதானா?

பதில்: உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு ஒன்று 1956 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. ஐரோப்பாவுக்கு அதன் சொந்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் உண்டு. விலங்குகளுக்கு நீண்ட காலம் வெவ்வேறு அளவுகளில் கொடுத்துப் பார்த்து, எந்த அளவு வரைக்கும் ஒரு கெடுதலும் தெரியவில்லையோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். அதை வழக்கமாக 100-ஆல் வகுக்கிறார்கள். விலங்குக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் இருக்கலாம் என்று ஒரு 10, மனிதருக்கு மனிதர் வித்தியாசம் இருக்கலாம் என்று இன்னொரு 10. வருவது, ஆயுள் முழுக்க தினமும் சாப்பிட்டாலும் பாதகமில்லை என்று கருதப்படும் அளவு. உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள்.

இந்தக் 'கிலோவுக்கு' என்பதைப் பெற்றோர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பாட்டிலை 60 கிலோ அப்பாவும் 15 கிலோ மகளும் ஆளுக்கொன்று குடித்தால், மகள் தன் எடைக்கு நான்கு மடங்கு வாங்கிக்கொள்கிறாள்.

கம்பெனிகள் சொல்வதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். சோதனைத் தரவுகளில் நிறைய, அனுமதி கேட்கும் நிறுவனங்கள் கொடுப்பவை என்பது உண்மை. அதைச் சரிபார்ப்பதுதான் குழுவின் வேலை. என்னுடைய குறை வேறு இரண்டு. பொருட்களைப் பெரும்பாலும் ஒவ்வொன்றாகத்தான் சோதிக்கிறார்கள், நாமோ ஒரே தட்டில் பலவற்றைச் சேர்த்துச் சாப்பிடுகிறோம். இரண்டாவது, லேபிளில் பெயர் இருக்கும், எத்தனை மில்லிகிராம் என்று பொதுவாக இருக்காது. அளவைச் சொல்லாமல் 'அளவோடு சாப்பிடுங்கள்' என்றால் மக்கள் எதை வைத்துக் கணக்குப் போடுவார்கள்?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. கலர் மிட்டாய், கலர் ஜூஸ் உள்ளே போனால் ஒரு நிமிடம் உட்கார மாட்டேன் என்கிறான். சர்க்கரையால் என்கிறார் கணவர், கலரால் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: சர்க்கரையை முதலில் விடுவித்துவிடலாம். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று பெற்றோருக்கும் தெரியாமல், பார்ப்பவருக்கும் தெரியாமல் செய்த சோதனைகளில், சர்க்கரை குழந்தைகளைத் துள்ள வைப்பதாகத் தெரியவில்லை. (பற்களுக்கும் எடைக்கும் அது செய்வது வேறு கதை.)

கலர் விஷயத்தில் உங்கள் சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டு. இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 3 வயதுக் குழந்தைகளுக்கும் 8, 9 வயதுக் குழந்தைகளுக்கும் சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட் என்ற பிரிசர்வேட்டிவும் கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. சராசரியாகப் பார்த்தால் துறுதுறுப்பு சிறிதளவு கூடியிருந்தது. எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி இல்லை, சிலருக்கு அதிகம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. கலந்து கொடுத்ததால் எந்த நிறம் குற்றவாளி என்று பிரித்துச் சொல்லவும் முடியவில்லை. அனுமதிக்கப்பட்ட அளவை மாற்ற இது போதாது என்றது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். ஆனாலும் 2010 ஜூலை முதல், இந்த நிறங்கள் இருந்தால் 'குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும்' என்ற பொருளில் எச்சரிக்கை போட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் செய்துவிட்டது. அந்த ஆறு எண்கள்: 102, 104, 110, 122, 124, 129. டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், அல்லூரா ரெட் போன்ற பெயர்களிலும் வரும்.

பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் செயற்கை நிறத்தைக் கண்டுபிடிக்கும் முறை ஒன்றைச் சொல்கிறேன். கொழுப்பு நீக்கிய வெள்ளைக் கம்பளி நூல் ஒரு துண்டு. மிட்டாயைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் அமிலம் விட்டு, நூலை அதில் போட்டுச் சூடாக்குவோம். சற்று நேரத்தில் தண்ணீர் வெளிறிவிடும், நூல் பளீரென்று ஆரஞ்சாகிவிடும். குழாயடியில் பிடித்து எத்தனை அலசினாலும் போகாது. காரட், பீட்ரூட் நிறங்கள் இப்படிக் கெட்டியாகப் பிடிப்பதில்லை. அம்மோனியா கலந்த நீரில் மறுபடி சூடாக்கினால்தான் நிறம் நூலை விட்டு இறங்கும். அதைத் தாளில் பொட்டு வைத்துக் கரைப்பானில் ஏறவிட்டால், ஒரே பச்சையாகத் தெரிந்தது மஞ்சளும் நீலமுமாகப் பிரிந்து நிற்கும்.

அந்த நூலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்த நிறம் உணவைக் காப்பதில்லை, சத்துத் தருவதில்லை, சுவையும் தருவதில்லை. கண்ணுக்கு மட்டும்தான். இதனால் ஒரு பயனும் இல்லாதபோது சிறு சந்தேகம் இருந்தாலே விட்டுவிடலாம். மூன்று வாரம் இந்த ஆறு எண்களையும் நிறுத்திப் பாருங்கள். தினமும் இரண்டு வரி குறித்து வையுங்கள், உங்கள் கணவரும் தனியாகக் குறிக்கட்டும். பிறந்தநாள் விழாவில் கலரும் இருக்கும், கூட்டமும் கூச்சலும் இருக்கும், அன்றைய நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கவனக்குறைபாட்டுக்காக அவன் ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறான் என்றால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது.

கேள்வி: மோனோசோடியம் குளுட்டமேட் என்ற சுவையூட்டி நரம்பைக் கெடுக்கும் என்கிறார்களே?

பதில்: சாப்பாட்டில் வரும் அளவு நரம்பைக் கெடுப்பதாக நல்ல ஆதாரம் இல்லை. 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசியிலிருந்து இந்தச் சுவையைப் பிரித்தெடுத்தார். தக்காளியிலும் முதிர்ந்த சீஸிலும் தாய்ப்பாலிலும் இதே குளுட்டமேட் இருக்கிறது. 1968-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றுக்கு ஒரு மருத்துவர் கடிதம் எழுதினார். சீன உணவகத்தில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது, காரணம் சோயா சாஸா, சமையல் ஒயினா, உப்பா, குளுட்டமேட்டா என்று கேட்டிருந்தார். மற்றவை மறந்துபோய்க் குளுட்டமேட் மட்டும் நின்றுவிட்டது. வெறும் வயிற்றில் 3 கிராமுக்கு மேல் கொடுத்த சோதனைகளில் சிலருக்குத் தலைவலி, முகச் சிவப்பு வந்தது. உணவோடு கொடுத்தால் அது நிலையாகத் திரும்ப வரவில்லை.

ஐரோப்பிய ஆணையம் 2017-ல் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. 60 கிலோ ஆளுக்கு 1.8 கிராம். நிறைய பாக்கெட் நொறுக்குத்தீனி சாப்பிடுபவர் இதைத் தாண்டிவிடலாம். உங்களுக்குத் தலைவலி வருவது உறுதி என்றால் 620 முதல் 625 வரை பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். ஆனால் அதே பாக்கெட்டில் இருக்கும் உப்பு இரத்த அழுத்தத்துக்குச் செய்யும் கெடுதலில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

கேள்வி: சாசேஜ், ஹாம், பேக்கன் இவற்றில் நைட்ரைட் போடுகிறார்கள், அது புற்றுநோய் தரும் என்றும் சொல்கிறார்கள். தெரிந்தே ஏன் போட வேண்டும்?

பதில்: நியாயமான கேள்வி. காற்றுப் புகாத இடத்தில் வளரும் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி உண்டாக்கும் விஷம், நாமறிந்த விஷங்களிலேயே மிகக் கடுமையானவற்றில் ஒன்று. 1820-களில் ஜெர்மன் மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர், சாசேஜ் சாப்பிட்டு இமை தொங்கி, விழுங்க முடியாமல், மூச்சுத் திணறி இறந்தவர்களைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கிருமியை வளரவிடாமல் தடுப்பது நைட்ரைட் (249, 250). கூடவே இறைச்சியின் சிவப்புப் புரதத்தோடு சேர்ந்து, வேகவைத்தாலும் மாறாத இளஞ்சிவப்பு நிறத்தையும் தருகிறது. கலர் மிட்டாய்க்குச் சொன்ன நியாயத்தை இதற்கு அப்படியே சொல்ல முடியாது. இதற்கு ஓர் உயிர்காக்கும் வேலை இருக்கிறது.

மறுபக்கமும் உண்மைதான். கடும் சூட்டிலும் குடலுக்குள்ளும் நைட்ரைட்டிலிருந்து நைட்ரோசமின்கள் உண்டாகலாம். அவற்றில் பல புற்றுநோய் தருபவை. அதைக் குறைக்கத்தான் அதே லேபிளில் 300 அல்லது 301-ஐயும் பார்க்கிறீர்கள், வைட்டமின் சி அந்த மாற்றத்தைத் தடுக்கும். 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவு என்பதால் இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று பலர் புரிந்துகொண்டார்கள். அந்தப் பிரிவு, ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அது சொல்வதில்லை. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. நூறு பேரில் ஐந்து பேருக்கு வாழ்நாளில் வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், அது ஏறக்குறைய ஆறாகும். எல்லாப் பழியும் நைட்ரைட்டுக்கு இல்லை. இறைச்சியின் இரும்பு, உப்பு, புகைமூட்டம் எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கலாம்.

'நைட்ரைட் சேர்க்கப்படவில்லை' என்று போட்ட பாக்கெட்டைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னால் செலரிப் பொடி அல்லது செலரிச் சாறு என்று இருக்கிறதா பாருங்கள். செலரியில் இயற்கையாக நைட்ரேட் அதிகம், பாக்டீரியாவை விட்டு அதை நைட்ரைட்டாக மாற்றித்தான் சேர்க்கிறார்கள். எடுத்த இடம்தான் வேறு, மூலக்கூறு அதேதான்.

எப்போதாவது சாப்பிட்டால் நான் தடுக்கமாட்டேன். குழந்தையின் மதிய உணவில் தினமும் வைப்பதை நிறுத்தச் சொல்வேன். கருகும் வரை வறுக்கக் கூடாது. வீட்டிலேயே நைட்ரைட் வாங்கிக் கை அளவில் போட்டு இறைச்சி பதப்படுத்தும் வேலை வேண்டவே வேண்டாம். உப்பு என்று நினைத்து எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கலவைக்கு ரோஸ் நிறம் ஏற்றி விற்கிறார்கள்.

கேள்வி: அம்மா, என் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. பாஸ்பரஸைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். பால், கொட்டை, பயறு எல்லாம் குறைத்தும் இரத்தத்தில் அளவு இறங்கவில்லை. எங்கே தப்பு செய்கிறோம்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீங்கள் குறைக்க வேண்டியதைக் குறைத்திருக்கிறீர்கள். மீதி பெரும்பாலும் சேர்க்கைப் பொருளாக ஒளிந்து வரும். எழுதிக்கொள்ளுங்கள்: 338 முதல் 341 வரை, 343, 450, 451, 452, 541. எண் இல்லாமல் பெயர் இருந்தால், அந்தப் பெயருக்குள் 'பாஸ்' என்ற ஓசை வருகிறதா பாருங்கள்: பாஸ்பாரிக் அமிலம், டைபாஸ்பேட், பாலிபாஸ்பேட். கோலா பானம், பரப்பிச் சாப்பிடும் சீஸ், ஹாம், உப்புநீர் ஏற்றிய உறைந்த கோழி, கேக் மாவுக் கலவை, காபியில் போடும் கிரீமர் பொடி ஆகியவை வழக்கமான இடங்கள். இறைச்சியில் தண்ணீர் நிற்கவும், சீஸ் வழுவழுப்பாக உருகவும், மாவு உப்பவும் இதைப் போடுகிறார்கள்.

பயறிலும் கொட்டையிலும் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் நொதி நம் குடலில் போதுமான அளவு இல்லை. அதனால் ஏறக்குறைய பாதிதான் இரத்தத்துக்குப் போகும். சேர்க்கைப் பொருளாக வரும் பாஸ்பேட் உப்போ தண்ணீரில் கரைந்து, 90 சதவீதத்துக்கு மேல்கூட உள்ளே போய்விடும். நல்ல சிறுநீரகம் என்றால் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். பழுதானது தள்ளாது. இரத்தத்தில் தேங்கி, எலும்பிலிருந்து கால்சியத்தை இழுத்து, இரத்தக் குழாய்ச் சுவர்களில் படிய வைக்கும். தோல் அரிப்பு வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சத்துக்களின் அட்டவணையில் பாஸ்பரஸைத் தேடாதீர்கள். பெரும்பாலும் அது அங்கே இருக்காது. சேர்மானப் பட்டியலைத்தான் படிக்க வேண்டும். அளவு போடாததால் எனக்கு வயிறெரிவது இந்த இடத்தில்தான். ஒரு நோயாளி கணக்குப் பார்த்துச் சாப்பிட விரும்பினாலும் அவருக்கு எண் கிடைப்பதில்லை.

இன்னொன்று, இதை மறக்காமல் படியுங்கள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று நல்லெண்ணத்தோடு யாராவது வாங்கிக் கொடுத்திருந்தால், உறையைத் திருப்பிப் பாருங்கள். அதில் பாதியளவுகூடப் பொட்டாசியம் குளோரைடு (508) இருக்கலாம். இரத்த அழுத்தக்காரருக்கு நல்லதான அதே உப்பு, சிறுநீரகம் பழுதானவருக்கு இதயத் துடிப்பையே குழப்பிவிடும். டாக்டரைக் கேட்காமல் அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். மற்றபடி, பயறை ஒரேயடியாக நிறுத்தாமல் எவ்வளவு சேர்க்கலாம் என்று சிறுநீரக உணவியலாளரிடம் கேளுங்கள். பாக்கெட் பாஸ்பேட்டை வெட்டினாலே நல்ல உணவுக்கு இடம் கிடைக்கும்.

கேள்வி: உலர்ந்த ஏப்ரிகாட் சாப்பிட்ட சில நிமிடங்களில் எனக்கு மூச்சு இறுகுகிறது. ஆஸ்துமா உண்டு. புதுப் பழம் ஒன்றும் செய்வதில்லை.

பதில்: நிறம் மாறாமலும் கெடாமலும் காக்கப் போடும் கந்தகச் சேர்மமான சல்பைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். எண்கள் 220 முதல் 228 வரை. பழம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருந்ததா? கந்தக டையாக்சைடு காட்டாத ஏப்ரிகாட் காயும்போது பழுப்பாகிவிடும். பொட்டலத்தைத் திறந்தவுடன் மூக்கைக் கிள்ளும் வாடை வரும், தீக்குச்சி கிழித்த உடனே வருவது போல. பழத்தை அமிலத்தோடு கொதிக்கவைத்து, எழும் வாயுவைப் பிடித்து நாங்கள் அளப்போம். மூடியைச் சரியாக இறுக்காவிட்டால் அறையே இருமும்.

ஆஸ்துமா உள்ள எல்லோருக்கும் இது ஆகாது என்பதில்லை, ஒரு சிறு பகுதியினருக்குத்தான். ஆனால் அவர்களுக்கு விளையாட்டல்ல. அமெரிக்காவில் சாலட்டில் தெளித்த சல்பைட்டால் ஆஸ்துமாக்காரர்கள் இறந்துபோன பிறகு, 1986-ல் பச்சையாகச் சாப்பிடும் பழம் காய்கறிகளில் அதைத் தெளிக்கத் தடை வந்தது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் இருந்தாலே லேபிளில் சொல்ல வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. ஒயின், பாட்டில் எலுமிச்சைச் சாறு, தோலுரித்து விற்கும் உருளைக்கிழங்கு, இறால் ஆகியவற்றிலும் கவனியுங்கள். கழுவினால் முழுக்கப் போகாது. சோதித்துப் பார்க்கிறேன் என்று வீட்டில் மறுபடி சாப்பிடாதீர்கள். நுரையீரல் மருத்துவரிடம் சொல்லுங்கள், இன்ஹேலர் கையில் இருக்கட்டும்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் அஸ்பார்டேம் போட்ட பானம் குடிக்கிறேன். அது புற்றுநோய்ப் பட்டியலில் வந்துவிட்டதாமே?

பதில்: 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் 'புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம்' என்ற பிரிவில் (2பி) சேர்த்தது. ஆதாரம் குறைவு என்பதுதான் அந்தப் பிரிவின் பொருள். அதே நாளில், நான் மேலே சொன்ன நிபுணர் குழு பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது: கிலோவுக்கு 40 மில்லிகிராம். ஒரு டின்னில் 200 முதல் 300 மில்லிகிராம் என்றால், 70 கிலோ ஆள் அதைத் தாண்ட ஒரே நாளில் 9 முதல் 14 டின் குடிக்க வேண்டும்.

பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் இதைத் தொடவே கூடாது. எடை குறையும் என்று நம்பி நீங்கள் குடித்தால், அதற்கும் உத்தரவாதம் இல்லை. எடைக் கட்டுப்பாட்டுக்காக இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொன்னது. (ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது.) நாக்கின் இனிப்புப் பழக்கத்தையே மெல்லக் குறைப்பது நல்லது.

கேள்வி: பென்சோயேட்டும் வைட்டமின் சி-யும் சேர்ந்தால் பென்சீன் வருமா?

பதில்: வரும், மிக நுண்ணிய அளவில். பென்சீன் புற்றுநோய் தரும் ஒரு வேதிப்பொருள். 211-ம் (பென்சோயேட்) 300-ம் (வைட்டமின் சி) ஒரே பானத்தில் இருந்து, வெயிலும் சூடும் பட்டால் கூடும். 1990-லேயே பானத் தொழிலில் தெரிந்த விஷயம், 2005-06-ல் மறுபடி வெளிவந்து பல பானங்களின் கலவையை மாற்றினார்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த பாட்டிலைக் குடிக்காதீர்கள்.

கேள்வி: எமல்சிஃபையர்கள் குடலைக் கெடுக்கும் என்று படித்தேன். எவ்வளவு நம்பலாம்?

பதில்: நான் மிகவும் கவனித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. 2015-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில், கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் (466), பாலிசார்பேட் 80 (433) கொடுத்த எலிகளின் குடல் பாக்டீரியாக்கள் மாறி, குடல் சுவரைக் காக்கும் சளிப் படலத்துக்குள் நெருங்கி வந்தன. லேசான அழற்சியும் எடை கூடுதலும் தெரிந்தன. 2022-ல் மனிதர்களிடம் ஒரு சிறு சோதனை நடந்தது: தினமும் 15 கிராம் 466, 11 நாட்கள். சிலரிடம் பாக்டீரியாக் கூட்டம் மாறியது. 15 கிராம் என்பது சாதாரணமாக நாம் சாப்பிடுவதைவிட அதிகம், ஆட்களும் கொஞ்சம்தான். பழைய சோதனைகள் உறுப்புகளையும் கட்டிகளையும் பார்த்தன, குடல் பாக்டீரியாவைப் பார்க்கவில்லை. ஆகவே இந்த இரண்டையும் மறுபடி தீர ஆராய வேண்டும் என்பது என் எண்ணம். எல்லா எமல்சிஃபையரும் ஒன்றல்ல. முட்டை மஞ்சளிலும் சோயாவிலும் இருக்கும் லெசித்தினுக்கு (322) இந்தப் பயம் வேண்டாம். கிரோன்ஸ் போன்ற குடல் அழற்சி உள்ளவர்கள் இப்போதே மருத்துவரிடம் பேசிக் குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு நாட்டில் தடை, இன்னொரு நாட்டில் அனுமதி. யாரை நம்புவது?

பதில்: ஒரே ஆதாரத்தைப் படித்து, 'தெளிவாகும் வரை வேண்டாம்' என்று ஒருவர் சொல்லலாம், 'கெடுதல் நிரூபணமாகட்டும்' என்று இன்னொருவர் சொல்லலாம். வெண்மை தரும் டைட்டானியம் டையாக்சைடு (171) மரபணுவைச் சேதப்படுத்தாது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2021-ல் ஐரோப்பிய ஆணையம் சொன்னது, 2022-ல் அங்கே தடை. 2023-ல் சர்வதேச நிபுணர் குழு அதே பொருளைப் பார்த்துவிட்டு மாற்றம் தேவையில்லை என்றது. இதிலும் நான் ஐரோப்பா பக்கம், மிட்டாய் வெள்ளையாக இல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

ரொட்டி மாவை வலுவாக்கும் பொட்டாசியம் பிரோமேட் (924) எலிகளுக்குச் சிறுநீரகக் கட்டி தந்தது. பல நாடுகள் தடை செய்துவிட்டன. அதே வேலையை வைட்டமின் சி செய்யும்போது இது எதற்கு? எரித்ரோசின் என்ற சிவப்பு (127) இன்னும் வருத்தமான கதை. ஆண் எலிகளுக்குத் தைராய்டு கட்டி வந்ததால் அமெரிக்கா 1990-ல் அழகுப் பொருட்களில் அதைத் தடை செய்தது. உணவில் தடை செய்தது 2025 ஜனவரியில். உதட்டில் பூசக்கூடாது என்றானதைக் குழந்தைகள் அதன்பிறகும் முப்பத்தைந்து ஆண்டுகள் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். மனிதரில் அந்தக் கட்டி வரும் வழி வேறு என்று விளக்கம் உண்டு, அது சரியாகவும் இருக்கலாம். இருந்தாலும் இத்தனை காலம் எடுத்தது எனக்கு ஏற்பாக இல்லை.

கேள்வி: நான் சுத்த சைவம். எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

பதில்: 120 பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு (சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் தரும்). 904 அரக்குப் பூச்சியிலிருந்து வருவது. 471 தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். 920 இறகு, முடியிலிருந்தும் எடுக்கப்படும். 471, 920 இரண்டுக்கும் தயாரிப்பாளரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய் சாப்பிட்டால் வயிறு கலங்குகிறது. மீதியை எங்கள் நாய்க்குப் போடலாமா?

பதில்: உங்கள் வயிற்றுக்குக் காரணம் சார்பிட்டால் (420), மால்டிட்டால் (965), சைலிட்டால் (967) போன்றவை. முழுக்க உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், அங்கே பாக்டீரியா நொதிக்க வைக்கும். கெடுதல் இல்லை, எண்ணிக்கையைக் குறைத்தால் சரியாகிவிடும்.

நாய்க்கு மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். சைலிட்டால் மனிதருக்குப் பாதகமில்லை, நாய்க்கு விஷம். அதன் உடலில் இன்சுலின் திடீரெனப் பீறிட்டு, இரத்தச் சர்க்கரை தடாலென்று விழும். கல்லீரலும் பழுதாகலாம். ஏற்கெனவே தின்றுவிட்டது என்றால் தள்ளாட்டம், வாந்தி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல், அந்த உறையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.